குழந்தைகளின் நீடித்த வயிற்றோட்டம்: வைத்தியரை நாடவேண்டியது எப்போது?

கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் வயிற்றோட்டம் என்பது அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடாகும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது ஒரு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடுகின்றது. இதன் காரணமாகவே எம்மவர் மத்தியில் இந்நோய் குறித்து ஒருவித அலட்சியம் நிலவுகின்றது. 'பல் முளைக்கின்றது', 'மாந்தம்', 'நாவூறு பட்டுவிட்டது' என ஏதோவொரு காரணத்தைக் கூறி நாட்களைக் கடத்துவதும், வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி அந்நாட்களில் பிள்ளையின் உணவைக் குறைத்துவிடுவதும் வழக்கமாகியுள்ளன. முதல் வாரம் கழிந்து, இரண்டாவது வாரமும் கழிந்த பின்னரே பிள்ளை மெலிந்துவிட்டதை வீட்டார் உணர்கின்றனர்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட தகவலின்படி, உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் உயிரிழக்கின்றனர். இவர்களுள் ஒரு பகுதியினர் ஓரிரு நாட்களில் ஏற்படும் கடும் நீரிழப்பினால் இறக்கின்றனர். வேறொரு பகுதியினரின் நிலையோ வேறானது. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றோட்டத்தால் போசணையை இழந்து, தொற்றுக்களை எதிர்த்து நிற்கும் சக்தி குன்றி அவர்கள் மடிகின்றனர். முதலாவது ஆபத்தைப் பற்றி எமது தாய்மார் ஓரளவு அறிந்துள்ளனர். இரண்டாவது ஆபத்து போதிய அளவு பேசப்படுவதில்லை. ஆகவே அது குறித்து இங்கு சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

எது வயிற்றோட்டம்?

மலம் இளகலாகவோ நீராகவோ ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வெளியேறுவதையே மருத்துவர்கள் வயிற்றோட்டம் என்கின்றனர். எனினும் கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவுக்கு வந்துவிடலாகாது. தாய்ப்பாலை மட்டும் அருந்தும் சிசு ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மஞ்சள் நிறத்தில் இளகலாக மலம் கழிக்கக்கூடும். சில வேளைகளில் அது பச்சை நிறமாகவும் இருக்கும். பிள்ளை உற்சாகமாக இருந்து, வழமைபோல் சிறுநீர் கழித்து, நிறையும் கூடிவருமாயின் அது நோயன்று. பிள்ளையின் வழமையான நிலையிலிருந்து ஏற்படும் மாற்றமே கவனிக்கப்படவேண்டியது. மலம் திடீரென அதிக நீராதல், தடவைகள் கூடுதல், சளியோ இரத்தமோ கலத்தல், துர்நாற்றம் வீசுதல் என்பன இத்தகைய மாற்றங்களாகும்.

ஒரு வயதைத் தாண்டிய சில பிள்ளைகள் ஓடியாடி விளையாடி, நன்றாக உண்டு, நிறையும் கூடிவரும் நிலையில் நாளொன்றுக்குச் சில தடவை இளகலாக மலம் கழிப்பதுண்டு. கரட், பருப்பு போன்றவை சமிபாடடையாமல் அதில் காணப்படும். பழச்சாறும் இனிப்புப் பானங்களும் அதிகமாகக் கொடுக்கப்படும் பிள்ளைகளில் இது கூடுதலாகத் தென்படுகின்றது. அப்பானங்களைக் குறைப்பதே பெரும்பாலும் போதுமானதாகும். ஆயினும் வளர்ச்சி சீராக உள்ளதா என்பதைக் கிளினிக்கில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

பதினான்கு நாள் என்னும் எல்லை

வயிற்றோட்டத்தை மருத்துவ உலகம் மூன்று வகையாகப் பிரிக்கின்றது. சடுதியாக ஆரம்பித்து சில நாட்களில் முடிவடையும் நீர்த்தன்மையான வயிற்றோட்டம் முதலாவது. இரத்தம் கலந்து வெளியேறும் வயிற்றுளைவு இரண்டாவது. சடுதியாக ஆரம்பித்து 14 நாட்களோ அதற்கு மேலோ தொடர்வது மூன்றாவது. இதுவே நீடித்த வயிற்றோட்டம் எனப்படுகின்றது. வயிற்றோட்டம் ஏற்படும் பிள்ளைகளில் சிறிய பங்கினருக்கே அது இந்த எல்லையைத் தாண்டுகின்றது. ஆனால் வயிற்றோட்டத்தால் இறக்கும் பிள்ளைகள் மத்தியில் இவர்களின் பங்கு பெரிதாகும்.

இந்த இடத்தில் இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. முதலாவது, பதினான்கு நாள் என்பது நோயை வகைப்படுத்துவதற்கான எல்லையே தவிர வீட்டில் காத்திருப்பதற்கான தவணை அன்று. எப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதைப் பின்னர் குறிப்பிடுவோம். இரண்டாவது, நாட்களை எண்ணுவதில் பலர் தவறிழைக்கின்றனர். ஒரு நாள் குறைந்து மறுநாள் மீண்டும் ஆரம்பித்தால் அதனைப் புதிய நோயாகக் கருதி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குகின்றனர். இரண்டு முழு நாட்களாவது மலம் வழமைக்குத் திரும்பியிராவிட்டால் அது பழைய நோயின் தொடர்ச்சியே ஆகும். நோய் ஆரம்பித்த திகதியை நாட்காட்டியில் குறித்துவைக்கும் சிறிய பழக்கம் இத்தவறைத் தவிர்க்கும்.

குடலில் நிகழ்வது என்ன?

சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போன்ற நுண்ணிய சடைமுளைகள் நிறைந்துள்ளன. உணவிலுள்ள போசணையை உறிஞ்சுபவை இவையே. பாலிலுள்ள லக்டோஸ் என்னும் வெல்லத்தைச் சமிபாடடையச் செய்யும் லக்டேஸ் நொதியமும் இவற்றின் மேற்பரப்பிலேயே உள்ளது. கிருமித் தொற்று ஏற்படும்போது சடைமுளைகள் சிதைவடைகின்றன. உறிஞ்சப்படாத உணவும் சமிபாடடையாத லக்டோஸும் நீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றன.

ஆரோக்கியமான குடலின் மேற்படைக் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. ஆகவே சிதைந்த சடைமுளைகள் மீண்டும் வளரக்கூடியவையே. ஆனால் அந்த வளர்ச்சிக்குப் புரதமும் சக்தியும் விற்றமின்களும் நாகச்சத்தும் வேண்டும். நோயுற்ற நாட்களில் உணவு நிறுத்தப்பட்டால் குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வழியின்றிப் போகின்றது. குடல் சீராகாமையால் வயிற்றோட்டம் தொடர்கின்றது. வயிற்றோட்டம் தொடர்வதால் உணவு மேலும் குறைக்கப்படுகின்றது. குடலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணி நாம் செய்வது குடலைப் பட்டினி போடுவதாக முடிகின்றது. சாதாரண வயிற்றோட்டம் நீடித்த வயிற்றோட்டமாக மாறுவதற்கான முக்கிய வழிகளில் இதுவும் ஒன்றாகும்.

நீடிப்பதற்கான காரணங்கள்

ஏற்கனவே போசாக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், தாய்ப்பால் விரைவில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கும் நோய் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். முதல் தொற்று ஆறுமுன்னரே இன்னொரு தொற்று ஏற்படுவதும் ஒரு காரணமாகும். சரியாகக் கழுவப்படாத சூப்புப் போத்தல் இதற்கு இலகுவான வழியை அமைத்துக்கொடுக்கின்றது. ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் குடலில் தங்கியிருக்கக்கூடியவை.

சிதைந்த குடலால் லக்டோஸைச் சமிபாடடையச் செய்ய முடியாதபோது மலம் நுரைத்து, புளித்த மணத்துடன் வெளியேறும். வயிறு உப்பும். பிள்ளையின் பின்புறத் தோல் சிவந்து புண்ணாகும். இந்நிலை பெரும்பாலும் தற்காலிகமானதே. பசுப்பாலிலுள்ள புரதத்துக்கு ஒவ்வாமை கொண்ட குழந்தைகளில் மலத்தில் இரத்தக் கீறுகள், தோலில் கரப்பான், தொடர்ந்த வாந்தி என்பன காணப்படலாம். பால்மாவை அறிமுகப்படுத்திய பின்னர் இவை ஆரம்பித்தனவா என்பதைத் தாய் நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். சிறுநீர்த் தொற்று, காதுத் தொற்று, நியூமோனியா போன்றவை மறைந்திருந்தாலும் வயிற்றோட்டம் தணியாதிருக்கலாம். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ ஆரம்பித்துத் தொடரும் வயிற்றோட்டம் பிறவிக் குறைபாட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகைய சிசுவைத் தாமதமின்றிக் குழந்தை நல வைத்திய நிபுணரிடம் காட்டவேண்டும்.

பல் முளைத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பற்கள் முளைக்க ஆரம்பிக்கும் ஆறு மாதமளவிலேயே பிள்ளை தவழத் தொடங்குகின்றது. கையில் அகப்படுவதையெல்லாம் வாயில் வைக்கின்றது. திட உணவையும் முதன்முதலில் உண்கின்றது. கிருமிகள் உட்செல்வதற்கு ஏற்ற காலமும் இதுவே. குற்றவாளி கிருமியாக இருக்க, பழி பல்லின்மீது போடப்படுகின்றது. பல நாள் தொடரும் வயிற்றோட்டத்துக்குப் பல் முளைத்தலைக் காரணமாகக் கொள்ளவே கூடாது.

நீரிழப்பும் ஜீவனியும்

நீடித்த வயிற்றோட்டமாயினும் முதலில் தடுக்கப்படவேண்டியது நீரிழப்பே. எமது நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரில் அறியப்படும் வாய்வழி நீரேற்றல் உப்புக்கரைசலின் மகத்துவத்தை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு 1971இல் இடம்பெற்றது. பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவி, நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன வேளையில், வைத்தியர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை நோயாளரின் உறவினர்களின் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நோயாளரில் 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. நோயுற்ற குடலிலும் குளுக்கோஸும் உப்பும் ஒன்றாக உறிஞ்சப்பட, நீரும் அவற்றைத் தொடர்ந்து உட்செல்கின்றது என்பதே இதன் அடிப்படை. 2022இல் காலமான அவர் நிரூபித்துக் காட்டியது, ஒரு தாயின் கையிலுள்ள கரண்டியும் உயிர் காக்கும் கருவியே என்பதாகும்.

ஜீவனியைப் பொதியில் குறிப்பிடப்பட்டுள்ள அளவு நீரில் முழுப் பொதியாகவே கரைக்கவேண்டும். ஒரு லீற்றருக்குரிய பொதியும் உண்டு. அதனிலும் குறைந்த நீருக்குரிய சிறிய பொதியும் உண்டு. எனவே வாசித்துப் பார்த்தே கரைக்கவேண்டும். கொதித்தாறிய நீரையே பயன்படுத்தவேண்டும். கரைத்த பின்னர் கொதிக்கவைக்கவோ சீனி சேர்க்கவோ கூடாது. நீர் குறைந்து உப்பின் செறிவு கூடினால் சிசுவின் மூளைக்கே ஆபத்து நேரிடலாம். கரைத்ததை 24 மணித்தியாலங்களுக்குள் பயன்படுத்தி, மிகுதியை வெளியே ஊற்றிவிடவேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, முன்னரிலும் மெதுவாகத் தொடரவேண்டும்.

இளநீரில் பொற்றாசியம் அதிகமாக இருப்பினும் சோடியம் குறைவு. ஆகவே அது ஜீவனிக்கு ஈடாகாது. சோடா, பெட்டிகளில் விற்கப்படும் பழச்சாறு போன்றவற்றிலுள்ள மிகையான சீனி குடலினுள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தை மேலும் மோசமாக்கும்.

உணவை நிறுத்தலாகாது

தாய்ப்பாலில் லக்டோஸ் இருப்பினும் அதனை நிறுத்தக் கூடாது. அது நீரையும் போசணையையும் நோயெதிர்ப்புச் சக்தியையும் ஒருங்கே வழங்குவதால், இரவும் பகலும் அடிக்கடி கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பாலும், தேவைப்படின் ஜீவனியும் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. வெறுந்தேநீரோ மல்லித்தண்ணீரோ வசம்போ அதற்குத் தேவையற்றவை.

ஆறு மாதத்தைக் கடந்த பிள்ளைக்கு வழமையான உணவையே மென்மையாக்கி, நாளொன்றுக்கு ஆறு தடவையளவில் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். கஞ்சித் தெளிவை மட்டும் கொடுப்பது எமது வீடுகளில் காணப்படும் பொதுவான தவறாகும். அது நீரை வழங்குமேயன்றி வளர்ச்சிக்கு வேண்டிய சக்தியை வழங்காது. குழைத்த சோற்றுடன் பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, முட்டை, முள் நீக்கிய மீன், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், வாழைப்பழம் என்பவற்றைச் சேர்த்துக்கொடுப்பதே பயனளிக்கும். நோய் நீடிக்கும் பிள்ளைக்குப் பசுப்பாலைக் குறைத்துத் தயிர் கொடுக்குமாறு வைத்தியர் கூறலாம். தயிரில் லக்டோஸின் ஒரு பகுதி ஏற்கனவே மாற்றமடைந்திருப்பதே இதற்குக் காரணம். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பால்மாவை மாற்றுவது வைத்தியரின் ஆலோசனையின்றிச் செய்யப்படக் கூடாது. நோய் தணிந்த பின்னரும் குறைந்தது இரண்டு வாரங்களுக்கும், நீடித்த வயிற்றோட்டமாயின் ஒரு மாதத்துக்கும், நாளாந்தம் ஒரு வேளை உணவை மேலதிகமாகக் கொடுத்து இழந்த நிறையை மீட்கவேண்டும்.

மருந்துகள் பற்றி

வயிற்றோட்டத்தைக் 'கட்டுவதற்காக' பாமசியில் தாமாகவே மருந்து வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. குடலின் அசைவை நிறுத்தும் லோபரமைட் போன்ற மருந்துகள் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கத்தகாதவை. பெரும்பாலான வயிற்றோட்டங்கள் வைரசுகளால் ஏற்படுவதால் அன்ரிபயோட்டிக் மருந்துகளால் பயனில்லை. அவை சில வேளை வயிற்றோட்டத்தை நீடிக்கவும் செய்யும். வயிற்றுளைவு போன்ற குறிப்பிட்ட நிலைகளில் எதனைக் கொடுப்பது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். சிங்க் எனப்படும் நாகச்சத்தை 10 முதல் 14 நாட்கள் கொடுப்பது நோய்க்காலத்தைக் குறைக்கும் என்பது நிரூபிக்கப்பட்டுள்ளது. வயதுக்கேற்ற அளவை வைத்தியரிடம் கேட்டறியவேண்டும்.

எப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும்?

பின்வரும் அறிகுறிகளில் ஒன்றேனும் காணப்பட்டால், எத்தனையாவது நாள் என்று பாராது, இரவெனினும் பகலெனினும் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வாகன வசதியற்றோர் 1990 என்ற இலக்கத்தினூடாகச் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

• பிள்ளை சோர்ந்து கிடத்தல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, வலிப்பு

• பாலோ நீரோ குடிக்க இயலாமை, அல்லது குடிப்பதனைத்தையும் வாந்தியெடுத்தல்

• கண்கள் குழிவிழுதல், உச்சிக்குழி பள்ளமாதல், அழும்போது கண்ணீர் வராமை, வாய் உலர்தல்

• ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் சிறுநீர் கழியாமை

• வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்

• மலத்தில் இரத்தம் காணப்படுதல்

• பச்சை நிற வாந்தி, வயிறு வீங்கி இறுகுதல்

• விட்டுவிட்டுக் காலை மடக்கி வீரிட்டு அழுதல், சிவப்பு ஜெலி போன்ற மலம் வெளியேறுதல் (இது குடல் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்வதன் அறிகுறியாக இருக்கலாம்)

• மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல்

இத்தகைய அறிகுறிகள் இல்லாவிடினும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டால் அன்றைய தினமே வைத்தியரிடம் காட்டவேண்டும். குறைமாதத்தில் பிறந்த, நிறை குறைந்த, அல்லது இருதய நோய் போன்ற வேறு நோயுள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஏனைய பிள்ளைகளுக்கு மூன்று நாட்களில் குணம் தென்படாவிட்டால் வைத்தியரை நாடவேண்டும். ஏற்கனவே மருந்து எடுத்திருந்தும் ஒரு வாரத்தைத் தாண்டித் தொடர்ந்தால் மீண்டும் செல்லவேண்டும். 14 நாட்களை எட்டினால், பிள்ளை சுறுசுறுப்பாகத் தோன்றினாலும், குழந்தை நல வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலையில் பரிசோதிக்கவேண்டும். நிறை குறைந்திருந்தாலோ நீரிழப்பு இருந்தாலோ விடுதியில் அனுமதிக்குமாறு கூறப்படலாம். அதனைப் பெற்றோர் தட்டிக்கழிக்கலாகாது. அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது.

செல்லும்போது கிளினிக்கில் தரப்பட்ட வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துச் செல்ல மறக்கலாகாது. நோயின் தீவிரத்தை வைத்தியருக்கு உணர்த்துவதில் அதிலுள்ள நிறை வளைகோட்டுக்கு முக்கிய இடமுண்டு. நோய் ஆரம்பித்த திகதி, நாளொன்றுக்கு எத்தனை தடவை, கொடுத்த மருந்துகள், புதிதாகச் சேர்த்த உணவுகள் என்பவற்றையும் கூறவேண்டும். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதனை மறைக்கலாகாது. வைத்தியர் கேட்பது பிள்ளையின் நன்மைக்காகவே அன்றித் தாயைக் குறைகூறுவதற்காக அன்று.

வருமுன் காத்தல்

ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டும் கொடுப்பதே சிறந்த பாதுகாப்பாகும். தொழிலுக்குச் செல்லும் தாய்மார், குறிப்பாகப் பிள்ளைகளைப் பராமரிப்பு நிலையங்களில் விட்டுச்செல்லும் தோட்டத் தொழிலாளர் தாய்மார், பாலைச் சுத்தமான பாத்திரத்தில் கறந்து மூடிவைத்துச் செல்லலாம். சாதாரண அறை வெப்பநிலையில் அது நான்கு மணித்தியாலம் வரை கெடாதிருக்கும். அதனைப் போத்தலில் கொடுக்காது கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்கவேண்டும்.

யாழ். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு அயலிலுள்ள கிணற்றைச் சென்றடைவது இலகு. வெள்ளக் காலங்களில் எப்பிரதேசக் கிணறும் மாசடையலாம். நீர் தெளிவாகத் தெரிவது அது சுத்தமானது என்பதற்குச் சான்றாகாது. குழந்தைக்குக் கொடுக்கும் நீரைக் கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணமும் தவறானது. அதனை மலசலகூடத்திலேயே இட்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். ரோட்டா வைரசுக்கு எதிரான தடுப்புமருந்து சிசுவின் ஆறாவது வாரத்திலிருந்து கொடுக்கத்தக்கது. அது குறித்துக் கிளினிக்கில் விசாரித்தறியலாம்.

நிறைவாக ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். வயிற்றோட்டம் கண்ட பிள்ளையின் உணவைக் குறைப்பவர்கள் பெரும்பாலும் அப்பிள்ளைமீது அளவற்ற அன்பு கொண்ட பாட்டிமாரும் தாய்மாருமே. தலைமுறைகளாகக் கேட்டுவந்த அறிவுரையையே அவர்கள் பின்பற்றுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதால் பயனில்லை. அவர்களுடன் அமர்ந்து, பிள்ளையின் குடல் ஆறுவதற்கு உணவு வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே எமது கடமையாகும். நாட்காட்டியில் ஒரு குறி, கையில் ஒரு கரண்டி, நிறுத்தப்படாத உணவு, உரிய வேளையில் வைத்தியசாலையை நோக்கிய பயணம் ஆகிய நான்கும் எந்த வீட்டுக்கும் எட்டக்கூடியவையே.